மேய்ச்சல் நிலமும் வித்வத் சபையும்



சுற்றுச்சூழலின் அரசியலையும் நிர்வாகத்தையும் ஆராயும் அறிஞர்கள் ஏதோ ஒரு பட்டணத்தில் கூடி, நாலைந்து நாள் கட்டுரைகள் வாசித்துக் கலைந்தார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் காணும்போது, இந்தப் பேச்சினால் வறண்ட ஏரியில் ஒரு குடம் தண்ணீர் கூடப்போகிறதா என்று சாமானிய மனிதன் கேட்பது இயல்பே. கேள்வி நியாயமானது, அதற்கு விடை சொல்லும் கடமை அறிஞர் உலகத்துக்கு உண்டு. வித்வத் சபை முறையாகக் கூடினால், பெருஞ்செல்வாக்குப் பெற்றுவிட்ட ஒரு தவறான சித்தாந்தத்தையும் அசைத்துவிட முடியும் என்பதற்குச் சமீப காலச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1968-ஆம் ஆண்டு டிசம்பரில், காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் திறந்து கிடக்கும் ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்து காட்டினார். மந்தையில் ஒரு மாட்டைக் கூட்டினால் வரும் ஆதாயம் முழுவதும் தனக்கு, புல் குறைவதால் வரும் நஷ்டமோ எல்லோருக்கும் பொது என்று ஒவ்வோர் இடையனும் கணக்கிட்டு மாட்டைப் பெருக்கிக்கொண்டே போக, கடைசியில் அந்த நிலம் புல் பூண்டற்றுப் பாழாகும் என்பது அவர் வாதம். ஆகவே பொதுச் சொத்தைச் சர்க்கார் தன் அதிகாரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனியார் உடைமையாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், இவ்விரண்டையன்றி வேறு கதி இல்லை என்ற அபிப்பிராயம் பரவியது. ஊரார் தமக்குள் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாட்டை ஏற்படுத்திக்கொள்ளக்கூடும் என்ற எண்ணத்துக்கு அந்தக் கற்பனை நிலத்தில் இடமே இல்லை.

கிராமங்களில் போய்த் தங்கி ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு. ஆனால் மீன்பிடிப்பை ஆராய்ந்தவரும், பாசனத்தை ஆராய்ந்தவரும், காட்டை ஆராய்ந்தவரும் அவரவர் துறைச் சஞ்சிகைகளிலேயே எழுதிவந்தமையால், ஒருவர் கண்டது மற்றவர் செவிக்கு எட்டவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் பொருட்டு, அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1985 ஏப்ரலில் மேரிலாந்து மாகாணத்து அன்னபோலிஸ் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதன் சிறப்பெல்லாம், அது கூடுவதற்கு முன்பே செய்த ஒரு காரியத்தில் இருந்தது. ரொனால்ட் ஓக்கர்சன் என்ற அரசியல் அறிஞர் வகுத்த ஒரு கேள்வி வரிசையைக் கட்டுரையாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். அந்த வளத்தின் இயல்பு என்ன, அதை ஆளும் விதிகளை வகுப்பவர் யார், அவ்விதிகளின் கீழ் மக்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள், முடிவில் விளைந்த பலன் என்ன என்பனவே அக்கேள்விகள். ஆளுக்கொரு படியால் அளந்த நெல்லை ஒரே கணக்கில் ஏற்ற முடியாதல்லவா? எல்லோரும் ஒரே கேள்விகளுக்கு விடை தேடி வந்தபடியால், ஜப்பானிய மலைக்காட்டையும் தென்னிந்திய வாய்க்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது.

ராபர்ட் வேட் என்ற அறிஞர் ஆந்திர தேசத்துக் கர்நூல் ஜில்லாக் கிராமங்களின் செய்தியைக் கொண்டுவந்தார். கால்வாயின் கடைமடையில் இருந்த ஊர்கள் பலவற்றில், ஊரார் தாமே சபை அமைத்து, பொதுப் பணம் சேர்த்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவதற்கு ஆட்களையும், பயிரை ஆடுமாடு மேய்ந்துவிடாமல் காக்கக் காவல்காரரையும் நியமித்திருந்தார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த தலைமடை ஊர்களிலோ இத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. அவசியம் நேர்ந்த இடத்தில், யாரும் கற்பிக்காமலே, ஜனங்கள் கட்டுப்பாட்டை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பது இதனால் விளங்கிற்று. மார்கரெட் மெக்கீன் என்ற அம்மையார் ஆராய்ந்த ஜப்பானியக் கிராமங்களில், ஊர்ப் பொதுநிலத்தில் புல் அறுப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள். காவலர் ரோந்து சுற்றினார்கள். குறித்த நாளுக்கு முன்பே அரிவாளோடு புகுந்து பிடிபட்டவன், காவலருக்குக் கொஞ்சம் பணமும் சாகே என்னும் அரிசி மதுவும் தண்டம் கொடுத்துத் தப்புவான். குற்றம் பெரிதானால் தண்டனையும் பெரிதாகும்.

அந்த மாநாட்டை நடத்திய குழுவில் இருந்தவர்களுள் ஒருவர், இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த எலினோர் ஆஸ்ட்ரம். பல தேசங்களில் வெற்றி பெற்ற ஏற்பாடுகளையும் தோற்றுப்போனவற்றையும் அவர் சேர்த்து ஆராய்ந்து, நீடித்து நிலைத்தவற்றில் காணும் எட்டு லட்சணங்களை 1990-இல் நூலாக வெளியிட்டார். எல்லை தெளிவாக இருத்தல், விதியால் கட்டுப்படுவோரே விதியைத் திருத்த வல்லவராக இருத்தல், காவலர் ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல், தண்டனை படிப்படியாகக் கடுமையாதல் ஆகியவை அவற்றுள் சில. 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. இத்துறை அறிஞர்களுக்கென்று 1989-இல் தோன்றிய பொதுவள ஆராய்ச்சிச் சங்கம், 1990-இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. அதன் மாநாடு 2011 ஜனவரியில் நம் ஹைதராபாத்தில் நடந்தபோது ஆஸ்ட்ரம் அம்மையாரும் வந்து கலந்துகொண்டார்.

அதே ஜனவரி 28-ஆம் தேதி, பஞ்சாபில் ஓர் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய வழக்கில், ஆக்கிரமிப்பை அகற்றும்படி நம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததோடு, கிராமப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது. மாநாடு வேறு, நீதிமன்றம் வேறு. ஆயினும் ஊர்ப் பொதுச் சொத்து நாதியற்ற சொத்தன்று என்ற உண்மையை இரண்டுமே உரக்கச் சொல்லின.

இத்தனை நன்மை இருந்தும் ஒரு பெருங்குறையைச் சொல்லாமல் விடலாகாது. ஏரியைப் பற்றிப் பேசும் சபையில், ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியைக் காண்பது அரிது. மதகை எப்போது திறப்பது, எந்த மடைக்கு எத்தனை நாழிகை விடுவது, வறட்சியில் யார் வயலைக் காயவிடுவது என்று ஆயுள் முழுவதும் தீர்ப்புச் சொல்லிவந்த மனிதருக்குப் புரியாத பாஷையில், அவர் கட்ட முடியாத கட்டணத்தில், அவருடைய தொழிலைப் பற்றிய சர்ச்சை நடைபெறுகிறது. விதியால் கட்டுப்படுவோரே விதி வகுப்பதிலும் பங்கு பெற வேண்டும் என்று கண்டறிந்த சாஸ்திரம், தன் சொந்தச் சபையில் அந்த விதியை அனுசரிக்காமல் இருப்பது தகாது.

நம் கல்லூரிகளில் கருத்தரங்கு நடத்தும் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது இது: கட்டுரைகளை அழைக்குமுன் கேள்விகளைப் பொதுவாக வகுத்துக்கொள்ளுங்கள், சர்ச்சையைத் தமிழில் நடத்துங்கள், நீர்க்கட்டியையும் மீனவரையும் மேடையில் அமர்த்தி அவர்கள் கேள்விக்கு விடை சொல்லுங்கள். நேயர்களே, உங்கள் ஊருக்கு அருகில் அத்தகைய கூட்டம் நடந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள். உங்கள் ஏரியின் கதையை எழுந்து நின்று சொல்லுங்கள்.