கைரேகைக்குப் பின்னால் இருப்பவள்

இந்தத் தத்தெடுப்புக் கருத்தரங்குக்காக மெல்பர்னிலிருந்து ரயிலேறி வெரிபீக்கு வந்தவர்களுக்கு இன்னும் குளிர் விட்டிருக்காது. நீட்டாமல் பேசுகிறேன்.

நம் பழைய சுவீகாரத்தில் பெற்றவர் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பார், வளர்ப்பவர் கைநீட்டி வாங்குவார், ஊர் பார்த்திருக்கும். 1956இன் இந்து தத்தெடுப்புச் சட்டமும் இந்தக் கொடுத்து வாங்கலைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. தத்தெடுப்பு நிறுவனம் நடுவில் வந்தபின் பெற்றவள் ஒரு கைரேகையாகிப் போனாள். அப்படியொரு கோப்பின் நகலை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் தட்டச்சான இரண்டு பக்கம். அடியில் கலங்கிய நீலமைக் கட்டைவிரல். அந்த விரலுக்கு உரியவளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று எந்த முத்திரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகளைக் குறித்து லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். நீதிபதி பகவதி 1984இல் தீர்ப்பளித்தார்: அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாக மட்டுமே குழந்தை வெளிநாடு போகலாம். 1990இல் மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வந்தது. இவ்வளவும் வந்த பிறகுதான் சென்னைப் புளியந்தோப்புக் குடிசைப் பகுதியில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். அப்படிக் காணாமல் போன பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியதாக மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்தெடுப்பு நிறுவனம் 2005இல் காவல்துறை வழக்கில் சிக்கியது. அதன் வழியே போன பிள்ளைகளில் சிலர் வளர்ந்தது இந்த ஆஸ்திரேலியாவில். தாள்கள் பார்வைக்குச் சரியாகவே இருந்தன, அதனால்தான் இரு நாட்டு அதிகாரிகளும் ஒப்புதல் கொடுத்தார்கள்.

இதை இந்திய ஊழல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1971-72இல் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 9,800 தத்தெடுப்புகள் நடந்தன. அந்தக் காலத்தில் மணமாகாத தாய்மார் பலரிடம் கையெழுத்து எப்படி வற்புறுத்தி வாங்கப்பட்டது என்பது இப்போது ஊரறிந்த கதை. விக்டோரிய நாடாளுமன்றம் 2012 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. 2013 மார்ச் 21இல் பிரதமர் ஜூலியா கில்லார்டும் கேட்டார். ஆனால் விக்டோரியா ஒரு நல்ல காரியத்தை முந்திச் செய்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ந்த தத்துப் பிள்ளைகளுக்குத் தம் அசல் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும் உரிமை தந்தது.

இங்கே தாய் கொடுத்த சம்மதத்தை 28 நாளுக்குள் திரும்பப் பெறலாம். இந்தியாவில் ஒப்படைத்த தாய்க்கு மறுயோசனைக்கு இரண்டு மாதம். சட்டத்தில் நாள் இருக்கிறது. அந்த நாட்களில் அவள் வாசலுக்குப் போய், அவள் மொழியில் பேசுபவர் யார்? நிறுவனத்து ஆளா, நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒருவரா? ஒழுங்குமுறை என்று நான் கேட்பது இதைத்தான். குழந்தைக்கு இவ்வளவு என்று வருமானம் வரும் இடம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் என்று நம்ப எனக்கு மனமில்லை.

நிகழ்ச்சி நிரலில் கட்டணம் பற்றிய அமர்வை நாலாவதாக, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கும் நேரம். அதை முதலுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அந்த அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.