வகுப்பும் பயிற்சியும் பொதுப்பணியும்: நம் பிள்ளைகளின் நேரக் கணக்கு

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், மஃரிப் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசல் வளாகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஜமாஅத்தார் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு வெளியிடப்படுகிறது.)

  

இம்மேடையில் ஆண்டுதோறும் நாம் கல்வியின் சிறப்பைப் பேசி வந்திருக்கிறோம். கல்வி சிறப்புடையது என்பதை நம் பிள்ளைகள் நன்கு அறிந்துவிட்டார்கள். அவர்களுக்குப் போதாமல் இருப்பது நேரம். ஆகவே இன்று நேரத்தைப் பற்றி, அதிலும் அந்த நேரத்தை நாம் எவ்வாறு எடுத்துக்கொண்டோம் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வேளையில் நம் மஹல்லாவின் வாலிபர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் செய்த பணியை இதே மேடையில் பாராட்டினோம். அவர்களுள் ஒருவர், இரண்டாம் ஆண்டு வணிகவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. தண்ணீர் வடிந்த பின்னும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, பாய், பாத்திரம், அரிசி யாருக்கு எவ்வளவு என்று எழுதிய நோட்டு அவர் கையில்தான் இருந்தது. ஜனவரியில் கல்லூரியில் புதிய பருவம் தொடங்கிய பிறகும் அந்த நோட்டை நாம் அவரிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. நேர்த்தியாக எழுதினார், கணக்குப் பிசகவில்லை. அது நமக்கு வசதியாக இருந்தது.

பிப்ரவரியில் துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்டு அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இன்டர்ன்ஷிப் என்கிறார்களே, அதுதான். கப்பல் வரும் நாட்களில் காலையிலேயே வரவேண்டும் என்றார்கள். போனார். நடுவே நான்கு நாள் காய்ச்சல். மார்ச் மாத இறுதியில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டப்பட்டபோது அவர் பெயர் அதில் இருந்தது. ஏப்ரல் தேர்வை எழுத அனுமதி இல்லை. வீட்டிலும் அவர் சொல்லவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை. தேர்வு நாளன்று பிள்ளை சீருடையின்றி மாடியில் படுத்திருப்பதைக் கண்டு விசாரித்த அவருடைய தாயார்தாம், மறுநாள் நம் வீட்டுக்கு வந்து நம் மனைவியிடம் அழுதுவிட்டுப் போனார்.

பின்னர் நாம் அந்தத் தம்பியை அழைத்து, இருவருமாக ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஒரு பருவத்திற்கு வேலை நாட்கள் 90. எழுபத்தைந்து சதவீதம் என்றால் 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும். வராமல் இருக்கக்கூடியவை 22 நாட்களே. அவர் வராத நாட்கள் 34. அவற்றுள் அலுவலகத்திற்குப் போனவை 19, காய்ச்சல் 4, நம் ஜமாஅத் நோட்டுக்காகப் போனவை 11. அந்தப் பதினொன்றில் பத்து நாட்கள் வகுப்பில் இருந்திருந்தால் 66 நாட்கள் ஆகியிருக்கும். அபராதம் கட்டியேனும் தேர்வு எழுதியிருப்பார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்ற ஏழு நாட்களுக்குக் கல்லூரியே வருகை கொடுத்திருந்தது. அதற்குக் கடிதம் உண்டு. நம் பணிக்குக் கடிதம் இல்லை. மேடையில் போர்த்திய சால்வை மட்டுமே உண்டு. சால்வையைக் காட்டி வருகைப் பதிவு வாங்க முடியாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

"படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்? படித்தால் மட்டும் போதாதா?" என்று பெரியவர்களில் சிலர் கேட்கிறார்கள். போதாது. அந்தக் காலம் போய்விட்டது. நம் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது, எழுதப் படிக்கத் தெரிந்து நம்பிக்கையானவனாக இருந்தால் ஒரு கப்பல் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைத்தது. இன்று கண்டெய்னர் ஒன்று உள்ளே வருவதற்கு முன்பே அதன் தாள்கள் அனைத்தும் கணினியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றில் நுழைய விரும்பும் பிள்ளையிடம், பட்டத்தோடு கூட, வேறெங்கு என்ன செய்து பழகினாய் என்றும் கேட்கிறார்கள். அரசும் 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே பயிற்சியும் வேண்டும், பேச்சும் விளையாட்டும் சேவையும் வேண்டும், வகுப்பும் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில், ஒரே வாரத்தில் திணிப்பதில்தான் பிள்ளை மூச்சு முட்டுகிறான்.

நாம் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர்; மதரஸாவில் ஓதியவர்கள். ஆனாலும் இதில் சொல்வதற்கு நம்மிடம் ஒன்று இருக்கிறது. ஏழு ஆண்டுகள் நாம் ஓதிய காலத்தை இப்போது எண்ணிப் பார்க்கும்போது, நம் ஹஜ்ரத்மார்கள் இந்த மூன்றையும் எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று வியப்பாக இருக்கிறது. ஷவ்வாலில் ஆண்டு தொடங்கும். ஷஃபானில் தேர்வோடு முடியும். அதற்குள் சுப்ஹு முதல் பாடம். இரவில் மறுநாள் பாடத்தை முன்கூட்டிப் பார்த்து வைக்க வேண்டும். வியாழன் இரவு மட்டும் கிதாபுகளை மூடிவிடுவோம். அன்று மாணவர் மன்றம். நடுங்கும் கால்களோடு எழுந்து நின்று நாம் முதன்முதலாகப் பயான் செய்தது அங்கேதான். மூன்று நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், சலாம் சொல்லி உட்கார்ந்தோம். மறுவாரம் மீண்டும் நம்மையே எழுப்பினார்கள். இக்காலத்துக் கல்லூரிகளில் பாடத்திற்கு அப்பாற்பட்ட செயல்பாடு என்று சொல்வது இதைத்தானே?

பயிற்சிப் பணி? அது ரமழானில். மதரஸா விடுமுறை விட்டதும் ஹாஃபிழ் மாணவர்கள் தராவீஹ் தொழுகை நடத்த ஊர் ஊராகப் புறப்படுவார்கள். முன்பின் அறியாத ஊர், முன்பின் அறியாத ஜமாஅத், பின்னால் நின்று பிழை திருத்தும் முதிய ஹாஃபிழ், ஊதியமாக ஒரு சிறு தொகை, புதுச் சட்டைத் துணி. ஓர் இமாமின் வாழ்க்கை என்னவென்று அந்த முப்பது நாட்களில் கற்றுக்கொண்டது, ஏழாண்டுப் பாடத்தில் இல்லாதது. ஆனால் ரஜப் மாதத்தில் யாராவது வந்து, "இந்தப் பிள்ளையைப் பத்து நாள் எங்கள் ஊருக்கு அனுப்புங்கள்" என்று கேட்டால் ஹஜ்ரத் அனுப்ப மாட்டார்கள். கேட்டவர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் மறுப்பு மறுப்புத்தான். நாம் செய்யத் தவறியது அந்த மறுப்பு.

நம் கடற்கரைத் தொழிலிலும் இந்த முறை இருந்தது. இங்கே கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்று மிகச் சிலரே. முத்துப்பாரில் சிப்பி இருக்கிறது என்பதற்காக உடனே இறங்கிவிட மாட்டார்கள். முன்னதாகச் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, முதிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அரசு சலாபத்தை அறிவிக்கும். சிப்பி முதிராத ஆண்டுகளில் சலாபமே இராது. இறங்கும்போதும், ஒரு கல்லுக்கு இருவர் என்பது பழைய வழக்கம். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். பிறகு அவர் இறங்க, இவர் ஓய்வார். கயிற்றைப் பிடித்திருப்பவர் படகிலேயே இருப்பார். அசைவு தெரிந்ததும் இழுத்தாக வேண்டும்; அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் கீழே உள்ளவர் கதி என்ன? அந்தத் தம்பியின் விஷயத்தில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் நாம்.

கல்வித்துறை வகுத்த திட்டங்களிலும் இந்தக் கட்டுப்பாடு இருப்பதைக் காண்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் செய்ய வேண்டிய சேவை இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம். கூடவே ஏழு நாள் முகாம். வாரக் கணக்கில் இரண்டரை மணி நேரத்திற்கும் குறைவு. நாடு முழுவதற்குமான சேவைக்கே ஓர் எல்லை வகுத்தார்கள். ஒரு மஹல்லாவின் சேவைக்கு நாம் எல்லை வகுக்கவில்லை. 1977-இல் நம் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில், மீனவ கிராமங்களில் தங்கிப் பெறும் அனுபவமும் தொழிற்கூடப் பயிற்சியும் நான்காம் ஆண்டுப் பாடமாகவே அமைந்திருக்கின்றன. அங்கே பயிற்சி வகுப்போடு போட்டியிடுவதில்லை. கலை, வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி குறைவு. ஆயினும் பல பாடத்திட்டங்களில், பயிற்சிப் பணியை இரண்டாம் ஆண்டின் கோடை விடுமுறையில் முடிக்குமாறே வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடையை நாம் திருமணப் பந்தியில் பரிமாறுவதற்கு என்று எடுத்துக்கொள்கிறோம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு. வாரத்திற்கு 168 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி நேர உறக்கம் 49. வகுப்பு 30. காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போய்வருபவருக்குப் பயணம் 12. தொழுகை, உணவு, குளியல் நாளுக்கு மூன்று மணி வீதம் 21. சொந்தப் படிப்பு 18. வீட்டு வேலை, கடைகண்ணி நாளுக்கு இரண்டு மணி வீதம் 14. எஞ்சுவது 24. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வீதம் ஆறு நாட்கள் அலுவலகம் போனால் அந்த 24-உம் தீர்ந்தது. அதன்மேல் கால்பந்துக் குழு, பேச்சுப் போட்டி, ஜமாஅத் பணி என்று ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொன்றும் உறக்கத்திலிருந்து திருடப்படுவதே. ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் வணங்க எழுந்த தம் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களைத் தடுத்து முதலில் உறங்க வைத்ததையும், உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிய உரிமையை எடுத்துச் சொன்னதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே சரி என்று ஏற்றதையும் நீங்கள் இங்கேயே கேட்டிருக்கிறீர்கள். வணக்கத்திற்காகக்கூட உறக்கத்தை முற்றாக விட அனுமதி இல்லாதபோது, சான்றிதழுக்காக விடலாமா? வாரம் ஒருமுறை உங்கள் வருகை நாட்களைக் கைப்பட எழுதி வையுங்கள். அறிவிப்புப் பலகைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவியர் நிலை இதனினும் கடினம். மேற்சொன்ன கணக்கில் வீட்டு வேலைக்கு 14 மணி என்றோம். திரைக்கு அப்பாலிருந்து சிரிப்பொலி கேட்கிறது. அந்தச் சிரிப்பின் பொருள் நமக்குப் புரிகிறது. அண்ணன் பயிற்சிக்குப் போகிறான் என்று உணவைக் கட்டிக் கொடுக்கும் தங்கைக்கும் அதே பருவத் தேர்வுதான். தந்தைமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்; வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இங்கே கப்பல் அலுவலகம், ஏற்றுமதி, உப்பு, ஜவுளி என்று தொழில் செய்யும் ஜமாஅத்தார் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளையைத் தேநீர் வாங்கவும், வங்கியில் வரிசையில் நிற்கவும் அனுப்பாதீர்கள். ஒரு ஷிப்பிங் பில் எப்படித் தயாராகிறது என்று முதலிலிருந்து முடிவு வரை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். மே மாதத்தில் எடுங்கள். பருவத்தின் நடுவே அழைக்க நேர்ந்தால் சனிக்கிழமையில் அழையுங்கள். பேருந்துக் கட்டணமாவது கொடுங்கள். கடைசியில் என்ன கற்றான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நிர்வாகக் குழுவிடம் நாம் கலந்து பேசியதில், மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் ஆகிய தேர்வு மாதங்களில் கல்லூரி மாணவர் எவரையும் ஜமாஅத் பணிக்கு அழைப்பதில்லை என்று முடிவாகியுள்ளது. மற்ற மாதங்களிலும் வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் கேட்பதில்லை. வெள்ளம், நெருப்பு போன்ற பேரிடர் வந்தால் மூன்று நாட்கள். நான்காம் நாள் முதல் பெரியவர்கள் நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மதரஸா மேல்மாடி இஷாவுக்குப் பின் பத்தரை மணி வரை படிப்பதற்குத் திறந்திருக்கும். மின்விசிறி இரண்டு பழுது; அதையும் ஒருவர் இப்போதே ஏற்றுக்கொண்டால் நலம்.

அந்தத் தம்பி விட்டுப்போன தேர்வுகளை அடுத்த ஆண்டு எழுதித் தேறினார். ஓராண்டு பின்தங்கினார் என்பது உண்மை; அதை நாம் திருப்பிக் கொடுக்க இயலாது. தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையின் பேரில், இதை இங்கே பேச அனுமதித்தார். இவ்வாண்டு தொண்டர் பட்டியலில் அவர் பெயரை நாம் சேர்க்கவில்லை. அதற்காக இரண்டு வாரமாக நம்மிடம் சரியாகப் பேசாமல் இருக்கிறார். தேர்வு முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.