டாக்டரிடம் மறைக்காதீங்க



ஒருத்தர் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. பல் பிடுங்கப் போனார். வலி மாத்திரை எழுதப்போன டாக்டரிடம், "வேண்டாம் சார். நான் குடியை விட்டவன். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிக்க மாட்டேன்" என்றார். டாக்டர் சிரித்தார். "இதைச் சொன்னீங்களே, அதுவே பாதி வைத்தியம். உங்களுக்குத் தகுந்ததா எழுதறேன்" என்றார்.

போதையிலிருந்து மீண்டவர்கள் மருந்துக்கே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கவனம் வேண்டும். டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை போன்றவை மறுபடி பழக்கத்தில் இழுத்துவிடக்கூடியவை. டிரமடாலை 2018-இல் நம் அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர்கள் ஆல்கஹால் கலந்த டானிக்கைக் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு.

அதற்காக, மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ கொடுத்த மருந்தை "அதான் திருந்திட்டேனே" என்று தானாக நிறுத்துவதும் தப்பு. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்களின் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு தன் உறுப்பினர்களுக்குச் சொல்வதும் இதுதான்: ஒருவருக்கொருவர் டாக்டர் ஆகிவிடாதீர்கள்.

ஆகவே, பழைய கதையை டாக்டரிடம் சொல்லுங்க. அளவை நீங்களா மாத்தாதீங்க. மாத்திரை அட்டையை வீட்டில் ஒருத்தரிடம் கொடுத்து, வேளாவேளைக்கு வாங்கிச் சாப்பிடுங்க.

பாட்டிலை மறைச்சு வெச்ச காலம் போகட்டும். மருந்துச் சீட்டையாவது எல்லோருக்கும் தெரியிற மாதிரி வையுங்க!