வீடுகளின் எண்ணிக்கையும் உறுதியும்

(கோவை, காந்திபுரத்தில் கூடிய ஊராட்சி அங்கத்தினர்கள், உழவர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வந்த நீங்கள், வழிநெடுகப் புதுக் கட்டிடங்கள் எழும்பி வருவதைக் கண்டிருப்பீர்கள். நம் கிராமங்களிலும் வீடுகள் பெருகியே வருகின்றன. 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதைக் குறிக்கோளாகக் கொண்டது. வீடொன்றுக்கு 360 சதுர அடி, செலவு 3.5 லட்சம் ரூபாய். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எண்ணிக்கை ஏறுகையில் தரம் இறங்குமானால், அம்மகிழ்ச்சி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில், கை பட்டவுடனே புதுச் சுவரின் பூச்சு உதிர்ந்ததை 2021இல் நாடே கண்டது.

பிறரைச் சொல்வானேன்? எங்கள் அனுபவத்தையே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச்சு மாதத்தில், ஒரு சிற்றூரில் பல வீடுகளுக்கு ஒரே வாரத்தில் தளம் போடப்பட்டது. அப்போது அங்கே குடிநீருக்கே பஞ்சம். மூன்றாம் நாளே தளங்கள் காய்ந்துவிட்டன. படம் எடுக்கப்பட்டது, தவணைத் தொகையும் வழங்கப்பட்டது. ஐப்பசி மழையில் தளங்கள் ஒழுகின. மூதாட்டி ஒருவர் தம் புது வீட்டில் பாத்திரங்களை வரிசையாக வைத்து நீரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. நனையாத இடமொன்றைக் காட்டி அமரச் சொன்னார். அவ்வேலைக்குக் கையொப்பமிட்டவர்களில் நாங்களும் உண்டு.

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் சேர்ந்தே இறுகுகிறது. மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையைத் தவறவிடாத நம் உழவர்களுக்கு இது விளங்காததன்று. தளத்தின் மேல் பாத்தி கட்டி, சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டாயினும் கடுங்கோடையாயினும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும்.

கலவையில் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் வேலை எளிதாகும், வலிமை குறையும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூள் வந்து இறங்குவதும் உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் அம்மணலையும் நீரையும் இட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் மேலே மாவு போன்ற படிவு தடித்து நின்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அங்கே அஸ்திவாரம் கரிசலைக் கடந்து கெட்டித் தரையில் அமைதல் நலம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளம் போடும் நாளை முன்னதாக அறிந்து, பத்து நாளைக்கு வேண்டிய தண்ணீர் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் வேலையைத் தள்ளி வையுங்கள். தாமதத்திற்கு மேலிடத்தில் விளக்கம் கூறுவது எங்கள் பொறுப்பு. ஒழுகும் கூரைக்கு எவராலும் விளக்கம் கூற இயலாது.

பத்து வீடு குறைந்தாலும் குறையட்டும். கட்டிய வீடு பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கட்டும்.