மைனஸ் வோல்ட்டுக்கு ஏற்ற மின்தேக்கி

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் புறப்பட்டுவிட்டால் ஒலிபெருக்கிக்குக் கார் பேட்டரிதான் துணை. அது 12 வோல்ட் தரும். ஆனால் மைக்கின் மெல்லிய ஒலியை வாங்கிப் பெருக்கும் மிக்சர் பெட்டிகள் பலவற்றுக்குப் பிளஸ் 12, மைனஸ் 12 என இரண்டும் வேண்டும். மைனஸ் 12 என்றால் எர்த்தைவிட 12 வோல்ட் தாழ்ந்தது என்று பொருள். 34063 என்னும் எட்டுக்கால் ஐசி, ஒரு கம்பிச்சுருள், ஒரு டையோடு, இன்னும் சில சிறு பாகங்கள் இருந்தால் சின்னப் பலகையிலேயே இதை உண்டாக்கிவிடலாம். அதன் வெளிமுனையில் எந்த மின்தேக்கியை, அதாவது கெபாசிட்டரை, வைப்பது? ரேடியோ வேலை பழகும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

ஐசி சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும்போது வெளியே எதுவும் போவதில்லை. அந்த நேரம் முழுவதும் மிக்சருக்குப் படியளப்பது மின்தேக்கி ஒன்றே. ஐசி நிறுத்தியதும், சுருளில் சேர்ந்தது டையோடு வழியாகப் பாய்ந்து மின்தேக்கியை மீண்டும் நிரப்புகிறது. இது நொடிக்கு 50 ஆயிரம் முறை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிக்சர் 200 மில்லி ஆம்பியர் எடுத்தாலும், 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் ஒவ்வொரு முறையும் குறைவது ஏறத்தாழ 20 மில்லிவோல்ட்தான். பிறகு ஏன் இரைச்சல்?

தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாய் குறுகலாக இருந்தால் என்ன பயன்? மின்தேக்கிக்கும் அப்படி ஓர் உள்தடை உண்டு. டையோடு வழியே அரை ஆம்பியர் பாயும்போது உள்தடை அரை ஓம் என்றால் 250 மில்லிவோல்ட் துள்ளும். உள்தடை 0.1 ஓம் என்றால் துள்ளல் 50 மில்லிவோல்ட்தான். ஆகவே மைக்ரோஃபாரட் எண்ணை மட்டும் பார்த்துப் பெரிதாக வாங்குவதில் பயனில்லை. குறைந்த உள்தடை உள்ளது வேண்டுமென்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வகை இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் உள்தடை பாதியாகும்.

தூக்கியெறிந்த டிவியிலிருந்து கழற்றிய மின்தேக்கியைப் பலர் பத்திரமாக வைத்திருப்பார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்த இடத்துக்கு அது வேண்டாம். உள்ளே உலர்ந்துபோனால் மைக்ரோஃபாரட் ஓரளவு சரியாகக் காட்டும்போதே உள்தடை பல மடங்கு ஏறியிருக்கக்கூடும். சாதாரண மீட்டர் அதைக் காட்டாது.

12 வோல்ட்டுக்கு 25 வோல்ட் தாங்கும் வகையை வாங்குவோம். வெயிலில் காயும் பெட்டி ஆதலால் 105 டிகிரி என்று அச்சிட்டதே நல்லது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் கணக்கு. செராமிக் மின்தேக்கிக்கு உள்தடை மிகக் குறைவு. ஆனால் 10 மைக்ரோஃபாரட் என்று சொல்லும் மிகச் சிறிய செராமிக் வகைகள் சில, 12 வோல்ட் ஏறியதும் பாதிக்கும் கீழே போய்விடுகின்றன. அதைத் துணைக்கு வைக்கலாம், தனியாக நம்ப வேண்டாம்.

இனி, கண்ணுக்கே ஆபத்தான செய்தி. மைனஸ் வெளிமுனையைவிட எர்த் உயர்ந்தது அல்லவா? எனவே மின்தேக்கியின் பிளஸ் கால் எர்த்தில் சேர வேண்டும். கோடு போட்ட மைனஸ் கால்தான் வெளிமுனைக்கு. பழக்கத்தில் மாற்றி வைத்தால் உள்ளே சூடேறி வாயு சேரும், மேல்மூடி பிளந்து சுடுதிரவம் தெறிக்கும். பேட்டரியை இணைக்குமுன் மீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளஸ் காலும் எர்த்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது பலகைமேல் குனியாதீர்கள். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.