டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையிலிருந்து கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் சைக்கிள் டயரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சிரிக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் வருபவன். ஒரே மாதத்தில் ஐந்து நாள் தாமதம். கேட்டால் ஒரே பதில்: "பஞ்சர் சார்." ஐந்தாவது முறை நான் நம்பவில்லை. முதல் பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

அன்று மாலை, சேலையூரில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றேன். அவன் வண்டி அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். அருகருகே இரண்டு ஓட்டைகள். "இது முள்ளு குத்துனது இல்ல சார். காத்து கம்மியா வெச்சுக்கிட்டு டபுள்ஸ் அடிக்கிறான். பள்ளத்துல இறங்கும்போது ரிம்மு டியூபைக் கடிச்சிடுது" என்றார். டபுள்ஸ் யார் என்று விசாரித்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை. அவளைத் தொடக்கப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் தினமும் எங்களிடம் வருகிறான். மறுநாள் வகுப்பிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பிறகுதான் டயரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நம்மில் பலர் சைக்கிள் ஓட்டுகிறோம். நம் மாணவர்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். டயர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு: அளவு, அகலம், மேற்புறம், காற்று.

முதலாவது அளவு. நான் முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருகிறேன். ஒருமுறை கடையில் "இருபத்தாறு டயர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப்போய், அரை மணி நேரம் போராடினேன். ரிம்மில் ஏறவே இல்லை. என் வண்டிக்கு வேண்டியது 26 × 1 3/8. நான் வாங்கியது ரேஞ்சர் வண்டிகளுக்கான 26 × 1.95. இரண்டும் 26தானே என்றால், அந்த 26 அங்குலம் ரிம்மின் அளவே அல்ல. டயர் மாட்டிய சக்கரத்தின் வெளி விட்டம் அது, அதுவும் தோராயமாக. டயர் தடிமனாக இருந்தால் ரிம் சிறியதாக இருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். 37-590 என்றால் அகலம் 37 மில்லிமீட்டர், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர். ரேஞ்சர் டயரில் இந்த இரண்டாவது எண் 559. நம் தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 டயருக்கு 635. இப்போது வரும் 700சி வகைக்கு 622. இந்த மூன்று இலக்க எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும். கணித ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: வகுப்பறையில் 1.75உம் 1 3/4உம் ஒன்று. டயரில் 26 × 1.75 என்பதும் 26 × 1 3/4 என்பதும் வெவ்வேறு ரிம்களுக்கானவை; முன்னதற்கு 559, பின்னதற்கு 571.

இரண்டாவது அகலம். ஒல்லியான டயர்தான் வேகமாக ஓடும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் தரையில் பதியும் இடம் நீளம் குறைந்ததாக இருக்கும். அதனால் டயர் நசுங்குவதில் வீணாகும் ஆற்றலும் குறைவு. ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து செல்பவர்களுக்கு 25, 28 மில்லிமீட்டர் போதும். கேம்ப் ரோடு, வேளச்சேரி சாலை என்று வேகத்தடையும் தோண்டிய பள்ளமும் தாண்டி, புத்தகப் பையோடு தினமும் போய்வருபவர்களுக்கு 32 முதல் 40 வரை நல்லது. மட்கார்டிலும் பிரேக்கிலும் உரசாத அளவுக்குத்தான் அகலத்தைக் கூட்ட முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மேற்புறம். பெரிய பெரிய பட்டன் வைத்த டயர்தான் மழையில் வழுக்காது என்று பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அது மண்ணுக்கும் சேற்றுக்கும் உரியது. தார்ச்சாலையில் பட்டனின் நுனி மட்டுமே தரையைத் தொடும்; பிடிப்பும் குறையும், மிதிப்பதும் கனக்கும். கார் டயர் அகலமானது, வேகமும் அதிகம். அடியில் சிக்கும் தண்ணீர் வெளியேற அதற்குப் பள்ளக்கோடுகள் வேண்டும். சைக்கிள் டயர் குறுகலானது. தண்ணீர் தானாகவே பக்கவாட்டில் விலகிவிடும். எனவே தார்ச்சாலைக்கு வழவழப்பான அல்லது மெல்லிய கோடுகள் போட்ட டயரே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையின் வெள்ளைக்கோட்டிலும் இரும்பு மூடியிலும் எந்த டயரும் வழுக்கும். அங்கே திருப்பக் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நான்காவது காற்று. எவ்வளவு அடிக்கலாம் என்பதும் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. கணக்கில் எழுதியிருக்கும். அதிகபட்சம் என்று போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பின்சக்கரத்தின் மேல்தான் எடை அதிகம். முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கேரியரில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கூடுதலாக. நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களின் வால்டியூபில் அழுத்தமானி வைத்துச் சரியாக அளக்க முடியாது. பாரத்தோடு நிற்கும்போது டயர் லேசாகத்தான் பிதுங்க வேண்டும். தரையோடு பரவினால் காற்று போதாது. டியூப் ரப்பர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும்.

அந்த மாணவனுக்கு என்ன செய்தோம்? பின் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்து உள்ளே நூல் தெரிந்தது. அதே எண் பார்த்து, வேறு டயர் மாற்றினோம். பள்ளி வாயிலருகே ஒரு கால் பம்பு வாங்கி வைத்தோம். திங்கள்கிழமை மாலை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அதன்பிறகு அவனுக்குப் பஞ்சரே ஆகவில்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஆணி குத்தியது. ஒற்றை ஓட்டை. அவனே ஒட்டிவிட்டு, "இது முள் வகை சார்" என்று விளக்கினான்.

காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப், பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர். தன் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்யத் தொடங்கினார். வகுப்பில் சொல்ல நல்ல கதை. வட்டத்தின் சுற்றளவு நடத்தும்போது டயரையே கொண்டுபோங்கள். 37-590 டயர் மாட்டிய சக்கரத்தின் விட்டம், 590உடன் இரண்டு 37 சேர்த்து 664 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை சுற்று என்று பிள்ளைகள் கணக்கிடட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் வாசலில் தங்கையை இறக்கிவிட்டுப் போகும் அண்ணனின் பின் டயரை நாளைக் காலை ஒரு பார்வை பாருங்கள். அது பிதுங்கியிருந்தால் அவனிடம் சொல்லுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களே, தாமதமாக வந்தவனை நிற்க வைப்பதற்கு முன்னால் அவன் வண்டியை ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.