கோழி வளர்க்கும் வாத்துக் குஞ்சுகள்

அறுவடை முடிந்த குட்டநாட்டு வயல்களில் உதிர்நெல் மேயும் வாத்துகள் சாரா, செம்பல்லி என்னும் இனத்தவை. அவை மிகுதியாக முட்டையிடும், அடைகாப்பதில் நாட்டமில்லை. ஆதலின் அம்முட்டைகளைக் கோழிக்கு அடைவைப்பது பழைய வழக்கம்.

பள்ளி மாணவர் செய்து கற்கத்தக்க பாடம் இது. கோழிமுட்டை பொரிய 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். கூடுதலான ஏழு நாளும் கோழி எழாதிருக்கத் தீனியும் நீரும் அருகிலேயே வைத்தல் வேண்டும். முட்டை பெரிதாகையால், கோழி புரட்டாதவற்றை மாணவரே நாள்தோறும் திருப்பிவிடுதல் நன்று. பொரித்த குஞ்சுகளை உடனே நீந்தவிடலாகாது. தூவி நனைந்து குளிரால் மடியக்கூடும். பாடம் முடிந்தபின் அவற்றை வளர்ப்பவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்தல் கடமை.

வளர்ந்த குஞ்சுகள் ஒருநாள் குளத்தில் இறங்கும். கோழி கரையில் நின்று பதறும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர்க்கு அப்பதற்றம் புதிதன்று. அவர்தம் பிள்ளைகள் மலையாளத்தில் மகிழ்ந்து நீந்துகின்றனர். நீந்தட்டும்! ஈரத்தோடு திரும்பும் குஞ்சுக்குக் கோழியின் சிறகு கதகதப்பளிக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு நம் இல்லத்துத் தமிழ் அவ்வாறு அமைதல் வேண்டும்.